மேஜிக் பழக ஆசைப்படும் தம்பிக்கு: கோலாலம்பூரில் எங்கிருந்து தொடங்குவது?

செந்தூலிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, மேஜிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. யூடியூப்பைப் பார்த்து இரண்டு மூன்று சீட்டு வித்தைகளைச் செய்து காட்டினேன். என் தங்கையே கண்டுபிடித்துவிட்டாள். அடிப்படையிலிருந்து முறையாகக் கற்க வேண்டுமென்றால் கோலாலம்பூரில் எங்கே போகலாம்? வகுப்புகள் இருக்கின்றனவா? முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். மேஜிக் மீது ஆசைப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நேராகக் கடைக்குப் போகிறார்கள். நூறு வெள்ளி, இருநூறு வெள்ளி கொடுத்துப் பெட்டி, குழாய், கைக்குட்டை என்று வாங்கி வருகிறார்கள். ஒரே மாதத்தில் அவையெல்லாம் அலமாரிக்கு மேலே ஏறிவிடுகின்றன. பொருள் தானாகவே வித்தை காட்டிவிடும் என்று நம்பி வாங்குவதால் வரும் வினை அது. நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் ஒரு புத்தகம், அடுத்து உங்கள் கையைப் பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு மனிதர், அதற்கும் பிறகுதான் கடை.

புத்தகமா என்று தயங்காதீர்கள். காணொளியில் ஒருவர் செய்து காட்டும்போது அவருடைய விரல் நீளம், அவருடைய வேகம், அவருடைய பேச்சு எல்லாம் சேர்ந்தே உங்களிடம் வருகின்றன. நீங்கள் அறியாமலேயே அவரைப் போல நடிக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். புத்தகத்தில் அந்த வசதி இல்லை. ஒரு வரியைப் படிக்க வேண்டும், நிறுத்த வேண்டும், சீட்டுக்கட்டைக் கையில் எடுக்க வேண்டும், கட்டைவிரலை எங்கே வைக்கச் சொல்கிறார் என்று பார்த்து வைக்க வேண்டும், மறுபடியும் படிக்க வேண்டும். மெதுவாகத்தான் நகரும். ஆனால் அப்படிப் பழகிய அசைவு உங்கள் கைக்கென்றே தைத்த சட்டையாக அமையும். இன்னொன்றும் இருக்கிறது. நல்ல நூல் எளியதிலிருந்து கடினமானதற்கு வரிசையாக அழைத்துப் போகும். யூடியூப்போ அதிகம் பேர் பார்த்ததைத்தான் முதலில் நீட்டும். இரண்டாம் நாளே பத்தாம் ஆண்டுப் பாடத்தை எடுத்தால் தங்கை கண்டுபிடிக்கத்தான் செய்வாள்.

செந்தூலிலிருந்து உங்களுக்குப் பக்கத்திலேயே இரண்டு நூலகங்கள் இருக்கின்றன. ஒன்று ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகம். மற்றொன்று மெர்டேக்கா சதுக்கத்தை ஒட்டிய கோலாலம்பூர் நூலகம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு வைக்கும் டியூவி முறைப்படி அடுக்கும் எந்த நூலகத்திலும் மேஜிக் நூல்களுக்கு 793.8 என்ற எண் உண்டு. பெயர் தெரியாவிட்டாலும் அந்த எண்ணைத் தேடிப் போய் நிற்கலாம். கையோடு எடுத்துப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் சூரியா கேஎல்சிசியில் உள்ள கினோகுனியாவுக்குப் போங்கள். அலமாரியில் இல்லாத நூலைக்கூட வரவழைத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். பழைய புத்தகம் தேடுபவராக இருந்தால் தாமான் ஜெயா எல்.ஆர்.டி. நிலையத்தை ஒட்டிய அம்கார்ப் பேரங்காடியில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தையைச் சுற்றி வாருங்கள். பினாங்குக்கு உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனால், ஜார்ஜ் டவுன் சௌராஸ்தா சந்தையின் மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கே எது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பழைய நூல்களைப் புரட்டிப் பார்ப்பதே ஒரு கல்விதான்.

எந்தப் புத்தகம்? ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மார்க் வில்சனின் முழுப் பயிற்சி நூலைச் சொல்வேன். 1975இல் வந்தது. சீட்டு, நாணயம், கயிறு, கைக்குட்டை, பந்து, கிண்ணம் என்று எல்லாவற்றையும் தொடுகிறது. ஏறக்குறைய ஒவ்வோர் அசைவுக்கும் படம் இருக்கிறது. ஆங்கிலத்தில் தடுமாறுபவர்கள்கூட அந்தப் படங்களைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். உங்களுக்குச் சீட்டு மீதுதான் காதல் என்றால் ஜீன் ஹியூகார்டும் பிரடெரிக் பிரவ்வும் சேர்ந்து எழுதிய 'ராயல் ரோடு டு கார்டு மேஜிக்' இன்றும் சரியான தொடக்கம். அதன் முதல் அத்தியாயம் என்ன தெரியுமா? சீட்டைக் கலைப்பது. நம் வீட்டில் தீபாவளி இரவில் மாமாக்கள் கலைப்பார்களே, அதே கலைப்பு. அதை மட்டும் ஒழுங்காகப் பழகி, கட்டின் மேலே இருக்கும் ஒரு சீட்டைக் கலைத்த பிறகும் மேலேயே வைத்திருக்கத் தெரிந்துவிட்டால், ஒரு மாலைப் பொழுதையே ஓட்டும் அளவுக்கு வித்தைகள் கைவசமாகிவிடும். நாணயத்துக்கு ஜே.பி. போபோ 1952இல் வெளியிட்ட நூல். இந்த மூன்றுக்கு மேல் முதலாம் ஆண்டில் எதுவும் தேவையில்லை.

காசு செலவழிக்க வழியில்லை என்றால், காப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பேராசிரியர் ஹாஃப்மன் என்ற பெயரில் எழுதிய ஆங்கிலேய வழக்கறிஞர் ஒருவரின் 1876ஆம் ஆண்டு நூல் அவற்றுள் ஒன்று. மொழி பழையது, மேசையும் தொப்பியும் பழையவை. ஆனால் எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது என்று அவர் சொல்வது இன்றும் செல்லும். 1902இல் எஸ்.டபிள்யூ. எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் வந்த சீட்டு நூலையும் பலர் உங்களுக்குப் பரிந்துரைப்பார்கள். அது மகத்தான நூல்தான். அதில் பெரும்பகுதி சூதாட்ட மேசையில் ஏமாற்றுபவர்களின் கைவேலையைப் பற்றியது, தொடங்குபவருக்கு ஏற்ற நடை அன்று. மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துத் திறந்து பாருங்கள், அப்போது இனிக்கும்.

தமிழில் இல்லையா என்று கேட்பீர்கள். நான் பார்த்த தமிழ் நூல்கள் இரகசியம் என்ன என்பதைச் சொல்கின்றன; விரல் எங்கே இருக்க வேண்டும், பார்வை எங்கே போக வேண்டும், என்ன பேச வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. இரகசியம் என்பது இந்தக் கலையில் மிகச் சிறிய பகுதி. அதனால்தான் யூடியூப்பில் இரகசியத்தைத் தெரிந்துகொண்ட பிறகும் வித்தை எடுபடவில்லை. இது யாருக்கும் நேரும்.

கையில் ஒரு நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அடிப்படை என்றால் என்னவென்று ஓர் அசைவில் காட்டுகிறேன். 2012இல் வந்த புதிய ஐம்பது சென் நாணயம் சிறியது, விட்டம் 22.65 மில்லிமீட்டர்தான். அதற்கு முந்தைய ஐம்பது சென் 27.75 மில்லிமீட்டர். மேஜிக் நூல்கள் பெரும்பாலும் அமெரிக்க அரை டாலரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை, அது 30.6 மில்லிமீட்டர். ஆகவே பழைய ஐம்பது சென் நாணயங்கள் நான்கைத் தேடிப் பிடியுங்கள். அம்மாவின் உண்டியலில் நிச்சயம் இருக்கும்.

வலக்கை நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையைச் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, அந்த இரு விரல்களின் அடியில் நாணயத்தை வையுங்கள். விரல்களை இலேசாக மடக்கினால் நாணயம் தானாக நிற்கும், இறுக்க வேண்டியதில்லை. இப்போது இடக்கையை விரித்து நீட்டி, வலக்கையிலிருக்கும் நாணயத்தை உண்மையாகவே அதில் கவிழ்த்துப் போடுங்கள். இடக்கையை மூடுங்கள். எந்தத் தந்திரமும் இல்லை. இதையே திரும்பத் திரும்பச் செய்து, உங்கள் கை இயல்பாக எப்படி நகர்கிறது என்று கவனியுங்கள். தோள் எவ்வளவு அசைகிறது, நாணயம் விழும்போது கண் எங்கே இருக்கிறது, போட்ட பிறகு வெறும் வலக்கை எப்படித் தளர்ந்து தாழ்கிறது எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு அதே அசைவைச் செய்யுங்கள், நாணயத்தை மட்டும் விடாதீர்கள். வலக்கை கவிழும்போது நாணயம் விரல்களின் மடிப்பிலேயே தங்கிவிடும். இடக்கை அது வந்துவிட்டதாக எண்ணி மூடிக்கொள்ளும்.

செய்முறை இவ்வளவுதான். பெரும்பாலோர் இடறும் இடம் இதற்கு அடுத்த நொடி. நாணயம் ஒளிந்திருக்கும் வலக்கை விறைத்துப்போய் அந்தரத்தில் நிற்கும். கண் தன்னையறியாமல் அந்தக் கையை ஒரு தடவை பார்த்துவிடும். தங்கைக்கு அது போதும். இடக்கை மெல்ல விலகிப் போக வேண்டும், உங்கள் பார்வையும் அதனுடனே போக வேண்டும், நாணயம் அங்கேதான் இருக்கிறது என்று நீங்களே நம்ப வேண்டும். வலக்கை சோர்ந்து கீழே இறங்க வேண்டும், வேலை முடிந்த கை எப்படி இறங்குமோ அப்படி. பத்துத் தடவை உண்மையாகப் போட்டு, பதினோராவது தடவை பொய்யாகப் போட்டுப் பழகுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியக் கூடாது.

பார்வைக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்பதற்கு ஆய்வுச் சான்றே உண்டு. 2006இல் குஸ்தாவ் குன், மைக்கேல் லாண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பழைய பந்து வித்தையைப் படம்பிடித்துப் பலருக்குக் காட்டினார்கள். பந்தை இரண்டு முறை மேலே வீசிப் பிடிப்பார் வித்தைக்காரர். மூன்றாம் முறை கை மட்டும் வீசும், பந்து உள்ளங்கையிலேயே இருக்கும். பார்த்தவர்களில் பலர், பந்து மேலே போய் அந்தரத்தில் மறைந்ததைக் கண்ணால் கண்டதாகவே சொன்னார்கள். வித்தைக்காரர் தம் கையைப் பார்த்துக்கொண்டு செய்தபோது அப்படிச் சொன்னவர்களைவிட, மேலே அண்ணாந்து பார்த்துச் செய்தபோது சொன்னவர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பந்து இல்லாத இடத்தில் பந்தைப் பார்க்க வைத்தது அவருடைய முகம். நாணயத்தைப் பழகும்போது விரலுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது முகத்துக்குச் செலவிடுங்கள்.

பழகுவதற்குக் கண்ணாடியைவிடக் கைப்பேசிக் கேமரா நல்லது. கண்ணாடி முன்னால் நின்றால், இரகசிய அசைவு வரும் கணத்தில் நம் கண்கள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள ஆசைப்படுகிறோம். கேமரா கண்ணிமைக்காது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் அதை வைத்துப் பதிவு செய்து, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். உடனே பார்த்தால் செய்ய நினைத்ததுதான் தெரியும். மறுநாள் பார்த்தால் செய்தது தெரியும்.

இனி மனிதர்கள். உங்கள் கேள்வியின் மையம் இதுதான் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு நேரம் ஒத்திப்போட்டதற்குக் காரணம் உண்டு. ஒரு மூத்த கலைஞரிடம் போய் "எனக்கு மேஜிக் சொல்லிக்கொடுங்கள்" என்றால் அவர் சிரித்து அனுப்பிவிடுவார். "அண்ணா, இந்த அசைவை இந்த நூலில் படித்துப் பழகினேன், இடக்கை மூடும்போது எனக்குச் சரியாக வரவில்லை, கொஞ்சம் பாருங்கள்" என்று நாணயத்தை எடுத்துக்காட்டினால், தம் சாப்பாட்டை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டுச் சொல்லிக்கொடுப்பார். இந்தத் துறை அப்படிப்பட்டது. உழைத்துவிட்டு வருபவனுக்குக் கதவு உடனே திறக்கும்.

அவர்களை எங்கே காண்பது? கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் மேஜிக் பொருள்களுக்கென்றே கடைகள் உண்டு. கடைகள் இடம் மாறுகின்றன, மூடுகின்றன, புதிதாகத் திறக்கின்றன. ஆகவே கிளம்பும் அன்று இணையத்தில் தேடி, தொலைபேசியில் அழைத்து, திறந்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள். நல்ல கடைக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். மேசைக்குப் பின்னால் இருப்பவரிடம் "நான் புதியவன், இதுவரை எதுவும் வாங்கவில்லை" என்று சொல்லுங்கள். உடனே விலை உயர்ந்த பெட்டியைத் திறந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். என்ன பழகியிருக்கிறாய், செய்து காட்டு பார்க்கலாம் என்று கேட்டால், அந்தக் கடையை விடாதீர்கள். அப்படிப்பட்ட கடைகளில் சனிக்கிழமை மாலையில் நாலு பேர் கூடி நின்று ஒருவருக்கொருவர் செய்து காட்டிக்கொண்டிருப்பார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்ற வேறுபாடில்லாமல் அங்கே பேச்சு ஓடும். முதல் இரண்டு முறை வெறுமனே நின்று பாருங்கள். அதுதான் உங்கள் வகுப்பு.

சங்கங்களைப் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள். உலக அளவில் பார்த்தால், அமெரிக்க மேஜிக் கலைஞர் கழகம் 1902இல் நியூயார்க்கின் ஒரு மேஜிக் கடையின் பின்னறையில் உருவானது. லண்டனின் மேஜிக் சர்க்கிள் 1905இல் தொடங்கியது. அனைத்துலக மேஜிக் சகோதரத்துவம் 1922இல் வந்தது; அதன் கிளைகள் பல நாடுகளில் இருக்கின்றன, நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரிலும் உண்டு. உள்ளூர்ச் சங்கக் கூட்டம் ஒன்றுக்கு விருந்தினராகப் போக முடிந்தால் போங்கள். அங்கே ஒருவர் செய்து காட்டுவார், மற்றவர்கள் குறை சொல்வார்கள், அவர் குறித்துக்கொள்வார். பணம் கட்டிச் சேரும் எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அது.

பணம் கட்டும் வகுப்புகளும் இருக்கின்றன. பள்ளி விடுமுறையில் பேரங்காடிகளில் சிறுவர்களுக்கு ஒரு நாள் பயிலரங்குகள் நடப்பதுண்டு. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது போதும், கூச்சம் போகும். உங்களைப் போன்றவருக்கு நான் பரிந்துரைப்பது, தொழில்முறைக் கலைஞர் ஒருவரிடம் தனிப் பாடம். கட்டணம் கேட்பார், கேட்க வேண்டியதுதான். சேருவதற்கு முன் அவருடைய நிகழ்ச்சி ஒன்றை நேரில் பாருங்கள். நம் பிறந்தநாள் விருந்துகளிலும் திருமண உபசரிப்புகளிலும் மேஜிக் செய்பவர்கள் இருக்கிறார்கள். மேடை இறங்கிய பிறகு ஒரு நிமிடம் பேசினால் போதும். எத்தனை வித்தை சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்காதீர்கள். மூன்று மாதத்தில் மூன்று வித்தை, ஆனால் மூன்றையும் நான் யார் முன்னாலும் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அந்த ஒப்பந்தத்துக்குச் சிரித்த முகத்தோடு சம்மதிப்பவர் நல்ல ஆசிரியர்.

இணையத்தில் காசுக்கு விற்கும் பாடங்களும் உண்டு. பென்குயின் மேஜிக், வானிஷிங் இன்க் போன்ற நிறுவனங்கள் கலைஞர்களின் காணொளிப் பாடங்களை விற்கின்றன. அடிப்படை கைக்கு வந்த பிறகு, ஒரே ஓர் ஆசிரியரின் முழுப் பாடத்தை வாங்கி முடியுங்கள். புதிதாக வந்த வித்தை என்று வாரந்தோறும் அவர்கள் அனுப்பும் விளம்பரத்தைத் திறக்காமல் விடுவது நல்லது. யூடியூப்பை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. அதில் பாடம் தேடாமல் நிகழ்ச்சி தேடுங்கள். தைவானின் எரிக் சியன் 2018இல் பூசானில் நடந்த உலகப் போட்டியில் அருகிருந்து காட்டும் மேஜிக்கில் முதலிடம் பெற்றார், மறு ஆண்டு ஆசியாஸ் காட் டேலண்ட் போட்டியிலும் வென்றார். அவர் எப்படிச் செய்கிறார் என்று மண்டையைப் போட்டு உடைக்காமல், எந்த இடத்தில் நிறுத்துகிறார், எப்போது மூச்சு விடுகிறார் என்று பாருங்கள்.

நிறுத்தும் இடம் என்றதும் இந்திய மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் நினைவுக்கு வருகிறார். 1956இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை இயந்திர ரம்பத்தால் இரண்டாக அறுக்கும் வித்தையைச் செய்தார். அறுத்து முடித்தார், அந்தப் பெண்ணைத் தட்டினார், அவள் எழுந்திருக்கவில்லை. நிகழ்ச்சி அத்தோடு முடிந்துவிட்டது. அவள் செத்தே போய்விட்டாள் என்று பதறிய மக்களின் அழைப்புகளால் பி.பி.சி.யின் தொலைபேசிகள் திணறின. மறுநாள் நாளிதழ்களெல்லாம் அவர் பெயர்தான். வித்தை பலரும் செய்ததுதான். அது எந்த நொடியில் முடிந்தது என்பதுதான் அவரை உலகம் முழுதும் கொண்டுபோனது.

சரி, இப்போது வாங்கலாம். நல்ல காகிதச் சீட்டுக்கட்டு இரண்டு. ஒட்டுக்கடையில் கிடைக்கும் முழு பிளாஸ்டிக் சீட்டு வேண்டாம். அது வழுக்கும், வளையாது, விசிறியாக விரியாது. 1885 முதல் அச்சாகிவரும் பைசிக்கிள் சீட்டு இங்கேயும் எளிதாகக் கிடைக்கிறது. அதன் முதுகில் சுற்றிலும் வெள்ளை விளிம்பு இருக்கும்; அந்த விளிம்பு பிற்பாடு உங்களுக்கு எவ்வளவு உதவும் என்பதை நூல் சொல்லும். இரண்டு மீட்டர் பருத்திக் கயிறு. நான்கு நாணயங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஸ்பாஞ்சுப் பந்துகள் ஒரு தொகுதி. இதற்கு மேல் கடைக்காரர் எதைக் காட்டினாலும் அடுத்த ஆண்டு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். இரகசியப் பொறி உள்ள பொருள்களைப் பற்றி இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அவற்றை வைத்துப் பிழைப்பு நடத்துபவர்கள் இருக்கிறார்கள்.

கிண்ணமும் பந்தும் கொண்டு செய்யும் செப்படி வித்தையைக் கட்டாயம் பழகுங்கள். ரோமானியர் காலத்திலேயே செனெக்கா இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்திய வித்தைக்காரர்களின் கிண்ணத்துக்கு உச்சியில் ஒரு குமிழ் இருக்கும், அதை இரு விரல்களுக்கிடையே பிடித்துத் தூக்குவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராமோ சாமி என்ற பெயரில் இங்கிலாந்து மேடைகளில் வித்தை காட்டிப் புகழ்பெற்று, 1850இல் லண்டனில் இறந்த நம்மவர் ஒருவர் இருந்தார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கலை நமக்கு யாரோ கொடுத்த இரவல் இல்லை.

தொடங்குவதற்குக் காகித தேநீர்க் கோப்பைகள் மூன்று போதும். எவர்சில்வர் தம்ளரை எடுக்காதீர்கள், சத்தம் போடும். காகிதக் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள், அடிப்பாகம் விளிம்பிலிருந்து சற்று உள்ளே பதிந்திருக்கும். கவிழ்த்த கோப்பையின் மேல் ஒரு சிறு பந்தை வைத்து, அதன் மேல் இன்னொரு கோப்பையைக் கவிழ்த்தாலும் இரண்டும் ஒழுங்காகப் பொருந்தி உட்காரும். அந்தச் சிறு இடைவெளியில்தான் முழு வித்தையும் நடக்கிறது. பந்துக்குப் பஞ்சை வெட்டி உருட்டிக்கொள்ளலாம். மொத்தச் செலவு இரண்டு வெள்ளி வராது.

யாரிடம் காட்டுவது என்பதும் கற்பதில் ஒரு பகுதி. வீட்டார் கடைசியில் வரட்டும். அவர்கள் உங்களைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறார்கள்; உங்கள் முகம் மாறினால் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். உறவுக்காரப் பிள்ளைகள் கையைப் பிடித்துத் திருப்பியே பார்த்துவிடுவார்கள். கல்லூரி நண்பர்கள், இந்திய முஸ்லிம்களின் மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் குடிக்க வரும் பழக்கக்காரர்கள், இவர்களிடமிருந்து தொடங்குங்கள். ஒரே கூட்டத்துக்கு ஒரே வித்தையை இரண்டாம் முறை காட்டாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும் சரி. முதல் முறை என்ன நடக்கும் என்று தெரியாது. இரண்டாம் முறை எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். எப்படிச் செய்தாய் என்று கேட்டால் புன்னகை செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

சீட்டைப் பார்த்ததும் சில வீடுகளில் தாத்தா பாட்டி முகம் சுளிப்பார்கள். சூதாட்டத்தால் அழிந்த குடும்பங்களைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். அந்தக் கோபத்துக்கு மதிப்புக் கொடுங்கள். அந்த வீட்டில் கயிற்றையும் நாணயத்தையும் எடுங்கள்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புதான் நம் ஊரில் மிக நல்ல மேடை. மூன்று இனத்தாரும் வருவார்கள், எல்லாரும் நல்ல மனநிலையில் இருப்பார்கள், முறுக்குக்கும் பிரியாணிக்கும் நடுவே ஐந்து நிமிடம் கிடைக்கும். அதற்காகவே ஒரு வித்தையைப் பேச்சே இல்லாமல் செய்யப் பழகி வைத்துக்கொள்ளுங்கள்; மற்றொன்றை மலாயில் சொல்லுங்கள். மலாய் விருந்தினர்களில் சிலருக்கு மந்திரம், சூனியம் என்ற பேச்சே உறுத்தும். இது கைத்திறன், கண்ணை ஏய்க்கும் விளையாட்டு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் அவர்களும் மனம்விட்டு ரசிப்பார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முன்னால் நின்றால் தமிழிலேயே பேசுங்கள். ஆங்கில மந்திரச் சொல்லுக்கு அவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். "சூ மந்திரக்காளி" என்று நீங்கள் தொடங்கினால் முடிப்பதற்குள் வகுப்பே சேர்ந்து கத்தும். அந்தச் சத்தத்தில் எந்தக் கை எங்கே போனது என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கொஞ்சம் கை தேறியதும் யாராவது ஓர் அத்தையோ மாமாவோ உங்களைத் தனியே அழைத்து, வீட்டில் செய்வினை இருக்கிறதா பார், காணாமல்போன நகை எங்கே என்று சொல் என்பார். சிரித்துக்கொண்டே மழுப்பாதீர்கள். எனக்கு அப்படிப்பட்ட சக்தி எதுவும் இல்லை, நான் செய்தது பழகிய கைவேலை என்று தெளிவாகச் சொல்லுங்கள். கையிலிருந்து திருநீறு வரவழைப்பது நம் மக்களை எவ்வளவு காலம் ஏமாற்றியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அற்புத சக்தியை நிரூபித்துக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும் வரை யாராலும் அதைப் பெற முடியவில்லை. மேஜிக் தெரிந்தவன் அவர் பக்கம் நிற்க வேண்டியவன். மேடையில் பொய் சொல்லலாம், அது பொய் என்று பார்ப்பவருக்கும் தெரியும். மேடையை விட்டு இறங்கிய பிறகும் அந்தப் பொய்யைத் தொடர்ந்தால் அது மோசடி.

புக்கிட் பிந்தாங் பக்கம் தெருவில் நின்று செய்ய ஆசை வரும். அங்கே கலைஞர்கள் கோலாலம்பூர் மாநகர மன்றத்தின் அனுமதி பெற்றுத்தான் செய்ய வேண்டும். விதிகளையும் இடங்களையும் மன்றத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தெருவில் நின்று பழகியவரின் குரலும் நேரக் கணக்கும் தனி, அதில் சந்தேகமே இல்லை. நின்று பார்க்க யாருக்கும் கட்டாயமில்லாத இடத்தில் நிறுத்திவைக்கத் தெரிய வேண்டும். ஆனால் அது இரண்டாம் ஆண்டு வேலை. இந்த வாரம் நூலக அட்டை எடுங்கள், பழைய ஐம்பது சென் தேடுங்கள். நாணய அசைவு ஓரளவு படிந்ததும் கைப்பேசியில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். இடக்கை மூடும் இடத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.